பெரிய புயலில் நனையாத வங்கி

சின்னப் புயலில் வங்கி நன்றாக நனைந்தது. பெரிய புயலில் அவ்வளவாக நனையவில்லை. காலையிலிருந்து சல்லடை இந்த இரண்டு வரிகளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

சல்லடை என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். வங்கிகளை மேற்பார்வை செய்யும் துறையில் அவள் ஆய்வாளர். எந்தக் கணக்கு வந்தாலும் சலித்துப் பார்க்காமல் அனுப்பமாட்டாள். பக்கத்து நாற்காலிக்காரன் பெயர் புயல். பார்த்தால் பூனைக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாதவன் போலிருப்பான். ஆனால் வருடா வருடம் நாட்டின் பொருளாதாரத்தை நாசமாக்குவதுதான் அவனுக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. காகிதத்தில்தான்.

புதிதாகக் கட்டிய பாலத்தின் மேல் மணல் ஏற்றிய லாரிகளை வரிசையாக நிறுத்தி, பாலம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து பார்ப்பார்கள். வங்கியின் மேல் லாரியை நிறுத்த முடியாது. அதனால் ஒரு கெட்ட காலத்தைக் கற்பனை செய்து, ‘இது நாளைக்கே வந்தால் உன் நிலைமை என்ன?’ என்று வங்கியைக் கேட்கிறார்கள். இதற்கு அழுத்தச் சோதனை என்று பெயர். அந்தக் கெட்ட காலத்தை எழுதுபவன் புயல். இந்த வருடம் இரண்டு எழுதியிருந்தான். சின்னப் புயலில், வேலைக்குப் போகத் தயாராக இருக்கும் நூறு பேரில் ஒன்பது பேருக்கு வேலை இருக்காது. பெரிய புயலில் பதின்மூன்று பேருக்கு இருக்காது.

வேலை போனால் தவணை நிற்கும். மூன்று மாதம் தவணை நின்றால் அந்தக் கடனை வாராக்கடன் என்று வங்கி அறிவித்தாக வேண்டும். வாராக்கடன் ஏற ஏற வங்கியின் சொந்த மூலதனம் கரையும். மூலதனம் ஒரு மெத்தை. அடி முதலில் அதன்மேல்தான் விழும். மெத்தை கிழிந்த பிறகுதான் மக்கள் போட்டு வைத்த பணத்துக்கு வலிக்கும். எந்தப் புயலிலும் மெத்தை, கொடுத்த கடனில் எட்டு சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி.

நாட்டிலேயே பெரிய வங்கி தன் விடையை அனுப்பியிருந்தது. சின்னப் புயலில் நூறு கடனில் ஐந்து வாராது, மெத்தை 8.9. பெரிய புயலில் நூறு கடனில் மூன்றுதான் வாராது, மெத்தை 9.7.

“ரெண்டு வரியையும் மாத்திப் போட்டிருப்பாங்க” என்றான் புயல். “மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவசரத்துல பண்ணியிருப்பாங்க.”

“அதான் முதல்ல பாத்தேன். மாத்தல.”

“அப்போ என் புயல் நல்லா இல்லையா? பதிமூணு பேருக்கு வேலை இல்லன்னு எழுதும்போது எனக்கே ராத்திரி தூக்கம் வரல.”

“உன் புயல் நல்லாத்தான் இருக்கு. குடைதான் ஒரு மாதிரி இருக்கு.”

தரவு அறை குளிர்ந்து கிடந்தது. ஏழாம் மாடியின் நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த அறை அது. வங்கிகள் அனுப்பும் கடன் விவரங்களை இந்த அறைக் கணினிகளில் மட்டும்தான் திறக்கலாம். வாசலில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த ஒரு மரப்பெட்டி. கைபேசியை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சல்லடை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வங்கியின் இடர் அதிகாரியைக் காணொளியில் அழைத்தாள். எங்கே எவ்வளவு ஆபத்து என்று அந்த வங்கிக்குக் கணக்குப் போட்டுச் சொல்பவர் அவர். மடிப்புக் கலையாத சட்டை, பொறுமையான முகம்.

“மேடம், நாங்களும் கவனிச்சோம்” என்றார். “ரொம்பக் கஷ்ட காலத்துல ஜனங்க பொறுப்பாயிடுறாங்க. ஓட்டல், ஊர் சுத்துறது எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல தவணையக் கட்டிடுறாங்க. வீடு போயிடக் கூடாதுங்கற பயம்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு எண்ணுக்குப் பொருத்தமான கதை சொல்வது உலகத்திலேயே சுலபமான வேலை. ‘மூன்று’ வந்ததற்கு ஒரு கதை சொன்னவர், ‘முப்பது’ வந்திருந்தாலும் ஒன்று சொல்லியிருப்பார்.

“வேலையில்லாதவங்க எத்தனை சதவீதம் ஆகும்போது அந்தப் பொறுப்பு ஆரம்பிக்குது சார்?” என்று கேட்டாள் சல்லடை.

“அது… குறிப்பா அப்படிச் சொல்ல முடியாது.”

“எட்டுல பொறுப்பில்லாம இருந்தவங்க ஒன்பதுல திருந்துறாங்களா, பத்துல திருந்துறாங்களா?”

அவர் சிரித்தார். “நீங்கதான் சொல்லணும் மேடம்.”

அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அழைப்பை முடித்த பிறகு, அது நிஜமாகவே நல்ல கேள்வி என்று தோன்றியது. இரண்டே இரண்டு புயல்களை வைத்துக்கொண்டு ஏன் தவிக்க வேண்டும்? குழாயில் எங்கே ஓட்டை என்று தெரியாவிட்டால் சாண் சாணாகத் தடவிப் பார்க்க வேண்டியதுதான்.

“புயல், எனக்கு ஆறு குட்டிப் புயல் வேணும்.”

“குட்டி போடுறதுக்கு நான் என்ன…” என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டான்.

வேலையின்மை எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றாக ஏற்றி, பதின்மூன்று வரை வங்கியின் கணிப்பு மாதிரிக்குள் செலுத்தினார்கள். மாதிரி என்பது ஒன்றுமில்லை, பழைய மாதங்களைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்ட ஒரு கணக்கு. எட்டில் வாராக்கடன் ஏறியது. ஒன்பதில் இன்னும் ஏறியது. பத்தில் ஏறவில்லை. பதினொன்றிலிருந்து இறங்க ஆரம்பித்தது. திரையில் ஒரு குன்று தெரிந்தது. வங்கி அந்தக் குன்றின் மேல் ஏறி, உச்சியில் மூச்சு வாங்கி, மறுபக்கம் ஜாலியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம மாதிரியில போட்டுப் பாரு” என்றான் புயல். அவன் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது.

வங்கி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்காகத் துறையும் தனியாக ஒரு மாதிரி வைத்திருந்தது. அதை உருவாக்கியவர் இப்போதைய இயக்குநர். பெற்ற பிள்ளையைப் போல அதைச் சீராட்டி வளர்த்தவர். சல்லடை அதே ஆறு எண்களை அதில் போட்டாள்.

அதே குன்று வந்தது.

இயக்குநரின் அறையில் போய் நின்றபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “ரெண்டு சாட்சி ஒரே விஷயத்தச் சொல்லுது. அப்புறம் என்னம்மா சந்தேகம்?” என்றார்.

“ஏதோ இடிக்குது மேடம்.”

“‘ஏதோ இடிக்குது’ன்னு முடிவெடுக்கற குழுவுக்கு எழுத முடியாது. நாலு மணிக்கு அவங்க உக்காருவாங்க. அதுக்குள்ள காரணம் கெடைச்சா கொண்டு வா. கெடைக்கலன்னா ‘தேறியது’ன்னு கையெழுத்துப் போட்டுடு. காரணம் இல்லாம நாட்டுலயே பெரிய பேங்க நிறுத்தி வச்சோம்னா, அடுத்த வருஷம் நாம எதச் சொன்னாலும் எவனும் மதிக்கமாட்டான்.”

“கையெழுத்துப் போட்டா, எட்டுக்கு மேல இருக்கறத நாளைக்கே பங்குதாரர்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க மேடம். குடுத்த பிறகு நிஜமாவே புயல் வந்துச்சுன்னா, வீடு வீடாப் போயித் திருப்பிக் கேக்க முடியுமா?”

“முடியாது. அதனாலதான் உன்கிட்ட குடுத்திருக்கேன். போ, சலி.”

வெளியே வந்ததும் புயல், “திட்டுனாங்களா, பாராட்டுனாங்களா?” என்று கேட்டான்.

“ரெண்டும் ஒரே வரியில.”

அடுத்து அவள் மாதிரியை விட்டுவிட்டு, அது படித்த பாடப்புத்தகத்தையே திறந்தாள். வங்கியின் கடந்த காலத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி. அந்த மாதம் எத்தனை பேருக்கு வேலையில்லையோ, புள்ளி அவ்வளவு வலப்பக்கம் போகும். எத்தனை கடன் வாராக்கடன் ஆனதோ, அவ்வளவு மேலே ஏறும். எல்லாப் புள்ளிகளையும் திரையில் தூவினால், இடமிருந்து வலமாக ஒழுங்காக மேலே ஏறும் ஒரு கூட்டம். வலது கடைசியில், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பக்கத்தில், தனியாகச் சில புள்ளிகள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. உருட்டிவிட்ட கோலிக்குண்டுகள் குழிக்குள் விழுந்த மாதிரி.

“அந்தப் பள்ளம்தான் கோட்டக் கீழ இழுக்குது” என்றாள். “எந்த மாசங்க அது?”

புயல் பார்த்தான். “எல்லாம் அடைச்சுக் கெடந்த வருஷம். நோய் பரவுச்சே, அந்த ஆறு மாசம்.”

நாட்டின் நினைவிலேயே மோசமான ஆறு மாதங்கள். கடைகள் அடைத்துக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை. அந்த ஆறு மாதத்தில் மட்டும் கடன் வாங்கியவர்கள் யாருமே தவறவில்லையாம். பொறுப்பாயிட்டாங்க, என்று இடர் அதிகாரியின் குரல் அவள் காதில் ஒலித்தது. இருக்குமோ? பயத்தில் எல்லோரும் கட்டியிருப்பார்களோ? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மரப்பெட்டியில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழைத்தது கணவன். மேடை விளக்குகளை வாடகைக்கு விடுவது அவன் தொழில். விளக்குகளை ஏற்றிச் செல்லச் சொந்தமாக வேன் வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

“சாப்டியா?”

“இப்பதான் டப்பாவத் தொறக்கறேன். சொல்லுங்க.”

“வேன் லோன் கெடைச்சிரும் போல. பேங்க்ல நம்ம வீட்டுக் கடன எடுத்துப் பாத்தாங்க. அங்க கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னையே தலையத் தூக்கிப் பாத்துச்சு. ‘சார், உங்க கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கு, இத்தன வருஷத்துல ஒரு தவணகூடத் தவறல’ன்னுச்சு.” அவன் சிரிப்பு கைபேசியை அதிர வைத்தது. “எனக்கே வெக்கமாப் போச்சு. அடைச்சுக் கெடந்த வருஷம் ஆறு மாசம் நாம ஒரு காசு கட்டலையே. மறந்துட்டாங்க போல, நாம எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு வாய மூடிட்டு வந்துட்டேன்.”

“மறக்கல. அப்ப கவர்மெண்டே தவணைக்கு லீவு விட்டுச்சுல்ல? அதனால அது தவறுனதா…”

“லீவு விட்டா கட்டுனதா ஆயிடுமா? நான் வீட்டுல உக்காந்து பல்பத் தொடச்சிட்டு இருந்தேன். அதுக்கு ‘கண்ணாடி மாதிரி’யாம். மேடைக்கு ஸ்பீக்கர் போடுவாரே, நம்ம சவுண்டு அண்ணன், அவரப் பாரு, பாவம். அவருக்கும் தொழில் படுத்தது அப்பதான். ஆனா லீவு முடிஞ்சப்புறம்தானே கட்ட முடியலன்னு வெளிய தெரிஞ்சுது. ‘ஹால் எல்லாம் புக் ஆகி நெறஞ்சு கெடக்குற நேரத்துல உங்களுக்கு என்னய்யா கஷ்டம்’னு பேங்க் மேனேஜர் கேட்டாராம். ஹலோ? இருக்கியா?”

அவள் இருந்தாள். ஆனால் வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்திருந்தாள்.

“நீங்க ஒரு புள்ளிக்குள்ள இருக்கீங்க” என்றாள்.

“நான் எங்க?”

“புள்ளிக்குள்ள. நானும்தான். அப்புறம் பேசறேன்.”

டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். கைபேசியை மரப்பெட்டியில் வைக்க மறந்து, வாசல் காவலரிடம் திட்டு வாங்கி, திரும்பி வந்து வைத்துவிட்டு, மறுபடி ஓடினாள்.

“புயல், அவங்க பொறுப்பாகல. அவங்களக் கட்டச் சொல்லவே இல்ல.”

இருவரும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றார்கள். அவள் எழுத எழுத, பேனா கீச்சிட்டது. தவணை கேட்டால்தான் தவற முடியும். தவறினால்தான் மூன்று மாத எண்ணிக்கை ஓடும். அது ஓடி முடிந்தால்தான் வாராக்கடன். அந்த ஆறு மாதமும் தவணையே கேட்கவில்லை. அதனால் எண்ணிக்கை ஓடவில்லை. அதனால் வாராக்கடன் இல்லை. பரீட்சையே வைக்காத வருடத்தில் யாரும் ஃபெயில் ஆகமாட்டார்கள். மாதிரிக்கு அது தெரியாது. வேலையில்லாதவர்கள் மிக அதிகமாக இருந்தபோது வாராக்கடன் மிகக் குறைவு என்பதை மட்டும் பார்த்தது; சமர்த்துப் பிள்ளையாக அதையே மனப்பாடம் செய்துகொண்டது.

“அய்யோ” என்றான் புயல். “நம்ம மாதிரி?”

“அது எதப் பாத்துப் படிச்சுது?”

“எல்லா பேங்கும் அனுப்புன விவரத்த.” அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “எல்லா பேங்குக்கும் அதே லீவு.”

இயக்குநர் இதைக் கேட்டபோது, நெற்றியில் இருந்த கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது. பெற்ற பிள்ளையைப் பற்றிப் புகார் வந்தால் யாருக்கும் சுருக்கென்றிருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அவங்க கடிகாரம் சரியான்னு பாக்கத்தான் இன்னொரு கடிகாரம் வாங்கி வச்சேன். ஆனா மணி வச்சது அவங்க கடிகாரத்தப் பாத்துதான். சரி, என்ன பண்ணப் போற?”

“அந்த ஆறு மாசத்தையும் எடுத்துடறேன் மேடம்.”

எடுத்தார்கள். பள்ளம் போனது, குன்றும் போனது. கோடு வலப்பக்கம் வரை ஏறிக்கொண்டே போனது. பெரிய புயலில் நூறு கடனில் ஏழு வாராது, மெத்தை 8.1. எட்டுக்கு மேல் ஒரு நூல் அளவு. வங்கி இப்போதும் தேறியது.

இடர் அதிகாரியை மறுபடி அழைத்தபோது அவர் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். “லீவு விஷயம் சரி மேடம். நாங்க பாத்திருக்கணும். ஆனா அந்த மாசங்களத் தூக்கிட்டா, ஒன்பதுக்கு மேல உங்ககிட்ட ஒரு புள்ளிகூட இல்ல. மழையே பாக்காத ஊர்ல வெள்ளம் எவ்வளவு வரும்னு சொல்ற மாதிரி. நீங்க ஸ்கேல வச்சு நீட்டிக் கோடு இழுக்கறீங்க. எங்க வக்கீல்கள் அதத்தான் கேப்பாங்க.”

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்கு எரிச்சல். இருக்கிற ஒரே மோசமான காலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மோசமான காலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பொய் சொல்லும் சாட்சியை வெளியே அனுப்பியாகிவிட்டது. ஆனால் சம்பவ இடத்தில் இருந்தது அந்த ஒரு சாட்சிதான்.

“நாலு மணிக்கு எவ்வளவு நேரம் இருக்கு?” என்றாள்.

“கேக்காத” என்றான் புயல். “கேட்டா கம்மியாயிடும்.”

அவள் புள்ளிகளையே மறுபடி பார்த்தாள். வலது ஓரத்தில் பள்ளம் இருந்த இடம் இப்போது வெறும் வெளி. கண் தானாக இடப்பக்கம் நகர்ந்தது. அங்கே, ஏழு சதவீதத்துக்கு நேராக, சில புள்ளிகள் மட்டும் கூட்டத்தைவிட்டு எக்கி உயரத்தில் நின்றன. காலையிலும் பார்த்தாள்தான். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேட்டைக் கவனிக்கவில்லை.

“இவ்வளவு நல்ல மாசத்துல ஏன் இத்தன பேர் கட்டாமப் போனாங்க?”

“எந்த மாசம்?”

“லீவு முடிஞ்சதுக்கு அப்புறம் வந்த மாசங்க. கடையெல்லாம் தொறந்தாச்சு, வேலையில்லாதவங்க ஏழுக்கு எறங்கியாச்சு. ஹால் எல்லாம் புக் ஆகி நெறஞ்சு…”

கணவன் சொன்ன வாக்கியம் அது. சவுண்டு அண்ணன். நிறைந்த ஹால்களுக்கு நடுவில் நொடித்துப் போனவராகக் கணக்கில் இருப்பவர். அவர் நொடித்தது அப்போதல்ல. ஸ்பீக்கர்களின் மேல் துணியைப் போர்த்தி வைத்த அந்த அடைபட்ட மாதத்தில். வங்கி அதை அறிவித்ததுதான் நல்ல காலத்தில்.

எங்கேயாவது பள்ளம் இருந்தால், தோண்டிய மண் பக்கத்தில் எங்கேயோ கொட்டிக் கிடக்கத்தான் வேண்டும். மண் மாயமாகப் போகாது. கண் முன்னால் மேடாகக் கிடந்தது.

“புயல், ரெண்டும் ஒண்ணு. பள்ளத்துல காணாமப் போனவங்கதான் மேட்டுல நிக்கறாங்க. கெட்ட காலத்தோட நஷ்டத்த நல்ல காலத்து மேல எழுதியிருக்கு. மாதிரி ரெண்டு பொய்யக் கத்துக்கிச்சு. கெட்ட காலம் நல்லதுன்னு ஒண்ணு, நல்ல காலம் கெட்டதுன்னு ஒண்ணு.”

“அதனாலதான் பள்ளத்த மட்டும் எடுத்தப்போ கோடு சரியா நிமிரல.” அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “மேடு இன்னும் இந்தப் பக்கத்தத் தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கு. சரி, மண்ண எப்படித் திருப்பிப் போடறது? மேட்டுல நிக்கறவங்கள்ல யாரு எந்த மாசம் விழுந்தாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

அவள் கடன் விவரங்களின் வரிசைகளை ஓட்டினாள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தேதி உண்டு, வாராக்கடன் என்று அறிவித்த தேதி. வங்கியும் துறையும் எப்போதும் எண்ணுவது அதை வைத்துத்தான். விதி அப்படி, பழக்கம் அப்படி. ஆனால் வட்டி கணக்கிட இன்னொரு தேதியும் தேவைப்படும். கடைசியாகத் தவணை வந்த தேதி. அதுவும் பக்கத்திலேயே இருந்தது, எல்லாக் கடனுக்கும், எல்லா வருடத்துக்கும்.

“கையில வெண்ணெய வச்சுக்கிட்டு…” என்று புயல் ஆரம்பித்தான்.

“பேசாத. உருக்கு.”

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாராக்கடனாக அறிவித்த ஒவ்வொரு கடனையும் அவன் எடுத்துக் கொடுத்தான். கடைசித் தவணை வந்த மாதம் எதுவோ, அவள் அதற்கு அடுத்த மாதத்தில் அதைப் போட்டாள். ஒன்றிரண்டு மாதங்களை மட்டும் அல்ல, எல்லா வருடங்களையும் ஒரே அளவுகோலால். லீவு இருந்தும் முடிந்தவரை கட்டிவிட்டு நடுவில் நின்றவர்கள், அவரவர் நின்ற மாதத்துக்கே போனார்கள். லீவில் நிறுத்திவிட்டு, லீவு முடிந்ததும் பழையபடி கட்ட ஆரம்பித்தவர்களை அவள் தொடவில்லை. பல்பு துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவனைப் போன்றவர்களின் கணக்கு கண்ணாடி மாதிரியே இருந்தது.

பிறகு விசையை அழுத்தினாள்.

ஏழுக்கு நேராக எக்கி நின்ற புள்ளிகள் இறங்கி, கூட்டத்தோடு கலந்தன. வலது ஓரத்தில், காலியாகக் கிடந்த இடத்தில், ஆறு புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. தரையில் அல்ல, உயரத்தில். இடப்பக்கக் கூட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்தால் அது போய் எங்கே முட்டுமோ, அங்கே. ஒன்பதுக்கு மேல் இப்போது நீட்டி இழுத்த கோடு இல்லை. நிஜமாக நடந்த மாதங்கள் இருந்தன. புயல் திரைக்கு மிக அருகில் போய், விரலால் அந்த வரிசையைத் தடவினான்.

“மணி மாதிரி கோத்துக்கிச்சு” என்றான் மெதுவாக.

பெரிய புயல்: நூறு கடனில் எட்டு வாராது. மெத்தை 7.7.

வங்கி தேறவில்லை.

சல்லடை உடனே இயக்குநரிடம் ஓடவில்லை. முதலில் இடர் அதிகாரியை அழைத்து, செய்ததை ஒரே மூச்சில் சொல்லி, “உங்க மிஷின்ல நீங்களே போட்டுப் பாருங்க சார். நான் சொல்ற நம்பர நம்ப வேணாம்” என்றாள். அவர் திரையை அணைக்காமலே வேலை செய்தார். அவருடைய சட்டைக் கை மடிந்திருந்ததை அவள் அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தாள். இந்தப் பக்கம் புயல், துறையின் மாதிரிக்கு எல்லா வங்கிகளின் விவரத்தையும் அதே முறையில் புதிதாகப் படிக்கக் கொடுத்தான்.

“எட்டு” என்றான் புயல்.

“எட்டு” என்றார் இடர் அதிகாரி, ஏறக்குறைய அதே நேரத்தில். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாளைக்கு எங்க சேர்மன் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியல மேடம். ஆனா ஒண்ணு. இந்தப் படம் அழகா இருக்கு. எனக்கு ஒரு பிரதி வேணும்.”

“வக்கீலுக்கா?”

“எனக்கு.”

குழு அறையின் கதவு திறந்திருந்தது. நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் உள்ளே நுழையும்போதே, “ஒரு திருத்தம் இருக்கு. எங்க மாதிரியும் தப்பு பண்ணியிருக்கு. இவங்க சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியைச் சல்லடைக்கு இழுத்துப் போட்டார்.

சல்லடை உட்காரவில்லை. காலையிலிருந்து அந்த ஒரு கவளத்தோடு நின்ற வயிறு. ஆனால் உடம்பு முழுக்கப் பறந்துவிடும் போலிருந்தது. கையிலிருந்த படத்தைத் திரையில் போட்டாள். முதலில் பள்ளமும் மேடும். பிறகு நேரான கோடு.

“சுருக்கமா சொல்லுங்கம்மா” என்றார் தலைவர். “பேங்க் தேறுச்சா, இல்லையா? நாங்க என்ன செய்யணும்?”

“தேறல சார். பெரிய புயல்ல மூலதனம் ஏழு புள்ளி ஏழுக்குப் போயிடுது. அதனால பங்குதாரர்களுக்குப் பிரிக்கறத நிறுத்தி வைக்கணும். எல்லா பேங்கும், நாங்களும், இனிமே ஒரே மாதிரி எண்ணணும்: ஒரு கடன் வாராமப் போனா, பேங்க் அத வாராக்கடன்னு அறிவிச்ச மாசத்துல எண்ணக் கூடாது, கடைசித் தவணைக்கு அடுத்து வர்ற மாசத்துல எண்ணணும், லீவுக்கு அப்புறம் திரும்பக் கட்டுனவங்கள எண்ணவே கூடாது.”